ஒன்றரை கிராம்

மார்ச் 3, செவ்வாய்
சீஸ் ஆலையிலிருந்து நேராகத் துப்பாக்கி மைதானம். கையில் இன்னும் உப்புநீர் வாடை. பறக்கவிட்ட இருபத்தைந்து மண்தட்டில் இருபத்து மூன்றைச் சுட்டு உடைத்தேன். மிர்ட்டோ இருபத்திரண்டு. ஆனாலும் எல்லோரும் சூழ்ந்து நின்றது அவளைத்தான் – பல் டாக்டர் மகள், புது இத்தாலியத் துப்பாக்கி. தெசலி மாகாண அணியில் பெண்களுக்கு ஒரே இடம். ஞாயிறு தேர்வு.

அவள் தோட்டாவைப் பெட்டி பெட்டியாகக் கடையில் வாங்குகிறாள். அவள் சுட்டுப் போட்ட காலிக் கூடுகளைப் பொறுக்கி வந்து நான் வீட்டில் நிரப்புகிறேன்.

"எடுத்துக்கோடி, குப்பைக்குத்தானே போகுது."

எடுத்துக்கொண்டேன். அதுதான் எரிகிறது.

மார்ச் 5, வியாழன்
ஐம்பது நிரப்பினேன். வெடிமருந்து போடாத கூடு கவிழ்ந்திருக்கும், போட்டது நிமிர்ந்திருக்கும். என் வழக்கம் அது. நடுவில் போன் மினுங்கியது: ஒரு படம். மிர்ட்டோவின் தோளில் பயிற்சியாளர் தீமியோஸின் கை. கீழே கிளப் எழுதியிருந்தது: 'எங்கள் நம்பிக்கை'. ஞாயிறு இன்னும் வரவே இல்லையே! படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

வேலைக்குத் திரும்பியபோது டார்ச் அடித்துக் கூடுகளில் மருந்து மட்டம் பார்க்கவில்லை. ஒன்றில் மருந்துமேல் வைத்த அடைப்பு உயர்ந்து நின்றது. அழுத்தி மூடினேன்.

மார்ச் 6, வெள்ளி
மிர்ட்டோவுக்குக் கடைப் பெட்டி வரவில்லையாம். "ஒரு பெட்டி குடுடி அசிமினா, நாளைக்குக் காலையில பழகணும். உன் கைச் சமையலையும் பார்ப்போம்." பாதியைக் கொடுத்தேன்.

மாலை, மருந்து டப்பாவை எடை போட்டேன். நேற்றே போட்டிருக்க வேண்டும். கூட்டுக்கு ஒன்றரை கிராம், ஐம்பதுக்கு எழுபத்தைந்து கிராம் குறைந்திருக்க வேண்டும். எழுபத்தாறரை குறைந்திருக்கிறது. மறுபடி போட்டேன். எழுபத்தாறரை.

ஏதோ ஒரு கூட்டில் இரண்டு அளவு. சுட்டால் துப்பாக்கிக் குழல் பிளக்கும். விரல் போகும், கண் போகும்.

என்னிடம் இருந்த இருபத்தைந்தையும் அறுத்துப் பார்த்தேன். எல்லாம் சரி.

அப்படியானால் –

எடை போடாமலே இருந்திருந்தால்? யாருக்குத் தெரியும்? அவள் கை போனால் இடம் எனக்கு.

எழுதிவிட்டேன். இதை அடித்து அழிக்கப் போவதில்லை. கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும்.

மார்ச் 7, சனி
ஆறு மணிக்கே அவள் வீட்டு மணியை அடித்தேன். போனில் சொன்னால் சிரித்துவிட்டுச் சுட்டுவிடுவாள். தோட்டாக்கள் ஏற்கெனவே அவள் கோட்டுப் பையில் இருந்தன.

"ஒண்ணுல மருந்து ரெண்டு மடங்கு. என் தப்பு. எல்லாத்தையும் குடு."

அவள் சமையலறை மேசையிலேயே ஒவ்வொன்றாக அறுத்தேன். பத்தொன்பதாவதில் இருந்தது இரண்டு அளவு. மிர்ட்டோ காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"என்னை உனக்குப் பிடிக்காதுன்னு தெரியும். அப்புறம் ஏன்டி வந்தே?"

மேசையில் சிந்திய மருந்தை வழித்து எடுத்தேன்.

பத்து மணிக்குள் தீமியோஸுக்குத் தெரிந்துவிட்டது. "வீட்டுத் தோட்டா இனிமே மைதானத்துக்குள்ள வரக்கூடாது பொண்ணே. கடைத் தோட்டாவோட வந்தா வா, இல்லேன்னா வராதே." ஆலை விட்டு வந்தபோது கடை மூடியிருந்தது. மிர்ட்டோவின் கடைப் பெட்டிகள் மதியமே வந்துவிட்டனவாம், எட்டாவது இருக்கும். நான் கேட்கவில்லை. அவளும் தருகிறேன் என்று சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு
போகவில்லை.

மார்ச் 22, ஞாயிறு
நூறு நிரப்பினேன். மைதானத்தில் விடமாட்டார்கள், அப்பாவின் சோளக்கொல்லையில் சுட்டுக்கொள்வேன். போனைச் சமையலறையில் வைத்திருந்தேன். இரண்டு முறை ஒலித்தது. எழுந்திருக்கவில்லை. டார்ச் அடித்தேன்: எல்லாக் கூட்டிலும் ஒரே மட்டம். கடைசியை மூடி, டப்பாவை எடை போட்டேன். நூற்றைம்பது. சரி.

பிறகுதான் போய்ப் போனைப் பார்த்தேன். படத்தில் மிர்ட்டோ, அணிச் சட்டையில்.

எரியத்தான் செய்கிறது. பெரிதாக்கிப் பார்க்கவில்லை.