ஏழு சுத்து ரோஜா

மார்ச் 2

என் அண்ணன் பெத்த தங்க மருமகளுக்கு அத்தை எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் சாமி புண்ணியத்துல சுகமா இருக்கணும். எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல, மனசுதான் சரியில்ல.

மூணு வருஷமா இந்தத் தையல் கூடத்துல பிசிறு நூல் வெட்டிக்கிட்டுக் கிடக்கேன். இப்பதான் பூவேலைப் பக்கம் ஒரு இடம் காலி. அடுத்த வெள்ளிக்கிழமை துணியில ஒரு ரோஜா போட்டுக் காட்டணும். சுருள் தையல். ஊசியைப் பாதி குத்தி, முனையில நூலை ஏழு சுத்து சுத்தி, உருவினா சுருள் இதழா படுக்கணுமாம். எனக்குப் பிரிஞ்சு பிரிஞ்சு போவுது. மேற்பார்வைக்கார அம்மா குனிஞ்சு பாத்து, "என்னக்கா, ரோஜா போடச் சொன்னா கம்பளிப்புழு போட்டிருக்க?"ன்னா. கூடமே சிரிச்சுது. இத்தனைக்கும் கோயில சுத்துற மாதிரி பயபக்தியாத்தான் சுத்துறேன்.

நீ இந்தப் பூவேலையிலேயே பொழைக்கிறவ, ஒரு வழி சொல்லு. விசேஷம் ஏதாவது இருந்தா அதையும் சொல்லு.

உன் அத்தை

மார்ச் 6

அன்புள்ள அத்தைக்கு,

கோயில சுத்துற மாதிரியா? அங்கதான் மாட்டிக்கிட்டீங்க. வலமா சுத்தினா நூலோட முறுக்கு அவிழ்ந்துடும். இடமா சுத்துங்க. மாட்டேன்னு அடம் பிடிப்பீங்கன்னு தெரியும். ஊசி சாமி இல்ல அத்தை, வெறும் இரும்பு.

விசேஷம் ஒண்ணும் இல்ல.

உங்க மருமக

மார்ச் 14

வாயாடி மருமகளுக்கு,

வெறும் இரும்பாம்! நேர்ல இருந்திருந்தா காதைத் திருகியிருப்பேன். ஆயுசுல எதையும் இடமா சுத்தாதவ நான். கடுதாசியப் படிச்சிட்டு அழுதேன். வியாழக்கிழமை பூரா ஊசியும் கையுமா உக்காந்திருந்தேன். அப்புறம் துணி மாட்டின வளையத்தைத் தூக்கி, தலைகீழா திருப்பிப் பாத்தேன். ஊசி முனையிலேருந்து பாத்தா இடம். காதுப் பக்கத்துலேருந்து பாத்தா அதே சுத்து வலம்! சாமி காதுப் பக்கமா நிக்கட்டுமே, யாரு வேணாம்னா? கன்னத்துல போட்டுக்கிட்டு ஏழு சுத்து சுத்தினேன். உருவினேன். இதழ் பூனைக்குட்டி மாதிரி சுருண்டு படுத்துக்கிச்சுடி!

வெள்ளிக்கிழமை பதினோரு இதழ் போட்டேன். அந்தம்மா நகத்தால கீறிப் பாத்தா, இழுத்துப் பாத்தா. அசையல. "யாருக்கா சொல்லிக் கொடுத்தா?"ன்னா. "எங்க அண்ணன் மக. வாய்தான் நீளம், கைவேலை சுத்தம்"னேன். இப்ப பக்கத்து மேசைக்காரிங்க எல்லாம் என் ரோஜாவப் பாக்க வரிசையில நிக்கிறாளுங்க.

ஜன்னலோரமா நாற்காலி கொடுத்திருக்காங்க. இதுக்கு மேல எழுத நேரமில்ல, எட்டு ரவிக்கை காத்துக்கிட்டிருக்கு.

இப்படிக்கு,
பூவேலைக்கார அத்தை