சம்பூர்ணம் பெயரில் வரவிருக்கும் தக்காளி விதை

அனுப்புநர்:
அங்கம்மாள், க/பெ. தனசேகரன்,
முசரவாக்கம், காஞ்சிபுரம் வட்டம்.

பெறுநர்:
தோட்டக்கலை உதவி இயக்குநர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: நாட்டுத் தக்காளி விதையைப் பசுமைக்குடிலிலிருந்து மட்டும் எடுத்து, ஒருவர் பெயரைச் சூட்டி வழங்குவதை நிறுத்தி வைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் கணவரின் தம்பி மனைவி சம்பூர்ணமும் ஒரே வரப்பின் இருபுறமும் நாட்டுத் தக்காளி பயிரிடுகிறோம். சென்ற ஆண்டு அரசு மானியத்தில் அவர் நிலத்தில் பசுமைக்குடில் அமைந்தது. என் நிலம் திறந்தவெளியாகவே உள்ளது.

2. ஐப்பசி மழையில் என் செடிகளில் பாதி அழுகின. மிஞ்சியவற்றின் பழங்கள் காம்படியில் வெடித்தன. குடிலுக்குள் ஒரு பழத்திலும் கீறல் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் நெடுங்காலம் என்னிடமே வாங்கிவந்த நெசவாளர் வீட்டு ஏலவார்குழலி அம்மாள், மகள் திருமணத்துக்குச் சம்பூர்ணத்திடம் வாங்கினார். "ரசத்துக்கு ஒன் தக்காளிதாம்மா. ஆனா கல்யாண வூடு பாரு, அவங்க பழம் பளிச்சினு இருக்குது" என்றார். கூடையை இறக்காமலே திரும்பினேன்.

3. குடிலுக்குள் தேனீ நுழைவதில்லை. காலையில் சம்பூர்ணம் குச்சியால் பூங்கொத்துகளைத் தட்டிவிட்ட பிறகே காய் பிடிக்கிறது. வரப்பில் நின்று பார்ப்பதால் அறிவேன். தினமும் பார்க்கிறேன்.

4. தை மாதம் எங்கள் பகுதி உழவர் மன்றத்தார் பல ஊர் விவசாயிகளை அழைத்துவந்து குடிலைக் காட்டினர். சம்பூர்ணத்துக்குச் சால்வை அணிவித்தனர். குடில் பழங்களின் விதையைச் 'சம்பூர்ணம் தக்காளி' என்று பெயரிட்டு வழங்கப்போவதாக அறிவித்தனர். அதை வாங்குவோரில் பெரும்பாலோர் திறந்த நிலத்தில்தான் விதைப்பார்கள். மழையையும் காற்றையும் அறியாத செடியின் விதை அங்கே தாங்குமா என்று எவரும் கேட்கவில்லை. அத்தனை மழைக்கும் நின்று காய்த்த என் செடிகளைப் பார்க்க ஒருவரும் வரப்பைத் தாண்டவில்லை.

5. அன்று வந்திருந்த ஒருவர் விதை ஏது என்று கேட்டார். "எங்க வூட்ல எப்பவும் இருக்குதுங்க" என்றார் சம்பூர்ணம். அது என் தாய்வீடான திருமுக்கூடலிலிருந்து வந்த விதை. அவர் மருமகளாக வந்த ஆண்டு, முந்தானையில் முடிந்து எடுத்துப்போய் நானே அவர் கையில் கொடுத்தேன். கூட்டத்தில் நான் நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார்.

இம்மனுவைப் படித்த என் கணவர், "பொறாமைன்னுதான் சொல்லுவாங்க, வாணாம் உடு" என்றார். பொறாமை உண்டு ஐயா. அந்தச் சால்வையைப் பார்த்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் நடந்தது பொய்யாகிவிடாது.

அவரது குடிலுக்கோ மானியத்துக்கோ இடையூறு செய்யக் கேட்கவில்லை. என் செடிகளிலிருந்தும் விதை எடுத்து, இரண்டையும் திறந்த நிலத்தில் ஒரு மழைக்காலம் வளர்த்துப் பார்த்த பின்பே வழங்குமாறு மன்றத்தாருக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். அதற்கு முன், தாங்கள் நேரில் வந்து, அந்த விதை ஏது என்று சம்பூர்ணத்திடம் மீண்டும் ஒருமுறை, நான் எதிரில் நிற்கும்போது கேட்க வேண்டும். அவர் உண்மையைச் சொல்லிவிட்டால், பெயர் அவருடையதாகவே இருக்கட்டும்.

இடம்: முசரவாக்கம்
நாள்: 04.02.2008

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) த. அங்கம்மாள்