கடல் பார்க்காத படகு

இன்று காலை எதிர்வீட்டு வாசலில் யாரோ ஐஸ் பெட்டிக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபைபர் ஒட்டும் அந்தப் பசை வாடை மூக்கில் ஏறியதும் மீன் கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டேன். நீங்கள் போன பிறகு இந்த வாடை நம் வீட்டை விட்டுப் போகவே வெகு காலம் பிடித்தது. ஒழிந்தது என்று நினைத்திருந்தேன். சந்தைக்குப் போகும் பஸ்ஸைக் கோட்டைவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்கு இருந்தது ஒரே ஆசைதான். கல்யாணமான நாளிலிருந்து பிறர் படகில் பங்குக்குப் போய்வந்த மனுஷன், ஒரு நாளாவது சொந்தப் படகில் கடலுக்குப் போக வேண்டும். அதற்காக என் கழுத்தும் காதும் காலியானதில் எனக்கு வருத்தமில்லை. கடலூர்ப் பக்கத்துப் பட்டறையிலிருந்து படகு தயார் என்று போன் வந்த அன்று நீங்கள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. "பொண்ணு பாக்கப் போறவன்கூட இப்படி முழிக்க மாட்டான்" என்று நான் கேலி செய்தேன்.

அந்த வாரம்தான் இன்சூரன்ஸ் போடும் தம்பி வீட்டுக்கு வந்தான். "அண்ணே, கடல்ல ஓடுற போட்டுக்கு ஒரு பாலிசி, லாரியில வர்ற போட்டுக்கு ஒரு பாலிசி. ரெண்டும் வேற வேற. வழியில அடிபட்டா கடல் பாலிசி செல்லாது. லாரி கெளம்புறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க" என்றான்.

கடல் பாலிசிக்கு உடனே தலையாட்டினீர்கள். ரோட்டுக்கு என்றதும் முகம் சுருங்கிவிட்டது. தண்ணீரைத் தொடாத புதுப் படகைப் பற்றி, உடையும் என்றோ கவிழும் என்றோ நம் ஆட்கள் வாயெடுக்க மாட்டார்கள். கரைக்கு வந்து, சூடம் காட்டி, அலையில் இறக்கிய பிறகுதான் அந்தப் பேச்சு. எனக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

"போட்டா என்னங்க? லாரிக்காரன் நம்ம சொந்தக்காரனா?"

"பொண்ணை மாப்ள வீட்டுக்கு அனுப்புறப்பவே, தாலி அறுந்தா யார் பொறுப்புன்னு கேப்பியாடி?" என்று சீறினீர்கள். "வாயை மூடு. அபசகுனமா பேசாத."

என் வாய் உங்களுக்குத் தெரியாததா? மூடவில்லை. பட்டறை வாசலில் லாரி ஏறும் வரை சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். நீங்கள் காதிலேயே வாங்கவில்லை.

லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் நீங்கள், ஜன்னலோரம் நான். படகின் பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். தொட்டில் பிள்ளையைப் பார்ப்பதுபோல் நொடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்தீர்கள். திருக்கடையூரில் டீக்கு நிறுத்தியபோது, அறுபதாம் கல்யாணம் முடித்த ஒரு தம்பதி மாலையும் கழுத்துமாகக் காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். "நமக்கும் இங்கதான். மீன் வித்துட்டு நேரா வந்துடாத, குளிச்சிட்டு வா" என்று சொல்லிச் சிரித்தீர்கள். நீங்கள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

ஊர் தாண்டியதும், எதிர்ப்பக்கம் பாதி ரோட்டை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். சம்பா அறுவடை சமயம். நெல்லின் மேல் ஏறாமலிருக்க அறுவடை மிஷின் ஒன்று எங்கள் பக்கமாக வந்தது. டிரைவர் ஓரம் ஒடித்தார். சக்கரம் மண்ணில் இறங்கியது. கயிறு அறுந்த சத்தம் எனக்குக் கேட்டது. படகு சரிந்து, மதகுச் சுவரில் மோதி, அறுத்த வயலில் போய் விழுந்தது. எங்களில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. படகுக்கு மட்டும் அடிப்பக்கம் குறுக்கே பிளந்துவிட்டது.

நெல் கிளறிக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி ஓடிவந்தாள். "உள்ள ஆளு யாரும் இருந்தாங்களா?"

நீங்கள் வயலில் இறங்கி, பிளந்த இடத்தில் கையை வைத்தபடி நின்றீர்கள். "யாரும் இல்லம்மா" என்று நான்தான் சொன்னேன். பொய் சொன்னது மாதிரி இருந்தது.

இன்சூரன்ஸ் தம்பி வந்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவனால் என்ன செய்ய முடியும்? பிறகு அவனும் வளைகுடாவுக்குப் போய்விட்டான். நீங்கள் படகைக் கொல்லையில் கவிழ்த்துப் போட்டு ஒட்டத் தொடங்கினீர்கள். காய்ந்ததும் அதே இடத்தில் விரிசல் விட்டது. மறுபடி ஒட்டினீர்கள். மறுபடி விட்டது. கடலுக்குப் பழையபடி பிறர் படகில்தான் போனீர்கள். "நீதான் சொன்னியே" என்று ஒரே ஒரு தரம் சொன்னீர்கள். அதற்குப் பதில் என்னைத் திட்டித் தீர்த்திருக்கலாம். ஐப்பசி மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. டாக்டர் ஹார்ட் அட்டாக் என்றார். டாக்டருக்கு என்ன தெரியும்?

எதிர்வீட்டுச் செல்வியின் மகன் புதுப் படகு வாங்கியிருக்கிறானாம். அதே கடலூர்ப் பக்கம். நாளைக் காலை லாரி கிளம்புகிறது. சாயங்காலம் இது காதில் விழுந்ததும் எழுந்து போனேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டும்: வழிக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் போட்டாயா?

செல்வி வாசலில் காவி கரைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. என் நெற்றியைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. நீங்கள் போன அன்று என்னைத் தாங்கிப் பிடித்திருந்தவள் அவள்தான்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. போட்டு வந்து தண்ணியில எறங்கட்டும். அப்பறமா வாங்க, உக்காந்து பேசலாம்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். படகையும் புருஷனையும் பறிகொடுத்தவள் வாயிலிருந்து வந்தால் நல்ல வார்த்தையும் சாபமாகத்தான் கேட்கும். "சரி செல்வி" என்று திரும்பிவிட்டேன்.

அவ்வளவு பேசிய என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லைங்க. சொல்ல வேண்டியது சொல்லாமல் என்னிடமே கிடக்கிறது. விடிந்தால் லாரி கிளம்பிவிடும்.