ரகுவிடம் இருக்கும் புகார்ப் பெட்டி

ஜோகுபாளையம், பெங்களூரு
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ரகு,

உன் வீட்டில் எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்து, மறுபடி அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கப் போகிறார். நாளைக்கு நம் நண்பன் பத்ரிநாத் நீ இருக்கும் பெர்லினுக்கு வருகிறான். அம்மா கொடுத்த பருப்புப் பொடியோடு இந்தக் கடிதத்தையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் அனுப்பியதற்கெல்லாம் நீ படித்துவிட்டதாக நீலக் குறி விழுகிறது, பதில்தான் இல்லை. காகிதத்தையாவது கையில் வாங்குவாய் அல்லவா?

அடுத்த சனிக்கிழமை நம் புரோகிராமர் மாநாடு. போன வருட மாநாடு முடிந்த கையோடு நீ கிளம்பிவிட்டாய். நானும் கிருஷ்ணப்பாவும் வீணாவும்தான் இழுத்துக்கொண்டு போகிறோம். போகும்போது பேனர், மைக், டிக்கெட் தளத்தின் பாஸ்வேர்டு எல்லாம் ஒப்படைத்தாய். புகார் வரும் மெயில் பெட்டியை மட்டும் கொடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. சம்பளம் இல்லாமல் உழைத்தவனைக் கேள்வி கேட்பதா என்று கூச்சம். நம் கூட்டத்தில் எல்லோருக்கும் இருக்கிற கூச்சம்தான். இன்றும் உன் நம்பருக்கு ஓடிபி வந்தால்தான் அது திறக்கும். ஆனால் தளத்தில், தொல்லை நேர்ந்தால் இங்கே எழுதுங்கள், உடனே கவனிப்போம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம்.

போன முறை நுழைவு மேசையைப் பார்த்துக்கொண்ட தாரணியை உனக்குத் தெரியும். இந்த முறை நாகேஷின் பயிற்சி வகுப்புக்குப் பொறுப்பாக இருக்கச் சொன்னேன். முடியாது என்றாள். “அக்கா, போன வருஷமே மெயில் போட்டேனே. வீட்ல விடறேன்னு கார்ல ஏத்திட்டு அந்தாளு எப்டி நடந்துக்கிட்டான்னு எல்லாம் எழுதினேன். ஒருத்தரும் பதில் போடல. நீங்கல்லாம் படிச்சிட்டுத்தான் சும்மா இருக்கீங்கன்னு நெனச்சேன்” என்றாள். அவள் அழவில்லை. எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நாகேஷ் உன் நண்பன், நீ அழைத்து வந்தவன். அது தெரிந்தேதான் நேற்று அவன் பெயரை நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்தேன். ஆதாரம் இல்லாமல் எப்படி என்று கிருஷ்ணப்பா குதிக்கிறார். நாகேஷோ, புகார் சொன்னது யார் என்று ஒவ்வொருவருக்கும் போன் போடுகிறான். உனக்கும் போடுவான். அவள் பெயரை அவனிடம் சொல்லிவிடாதே.

பெட்டியை எங்களுக்கு மாற்றிக் கொடு. அதில் இன்னும் யார் யார் எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்களோ! இனிமேல் அதை இரண்டு பேர் சேர்ந்து பார்ப்போம். பொறுப்பை விடுகிறவர் அடுத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று வீணாவும் நானும் முடிவு செய்திருக்கிறோம். யாருக்குக் கோபம் வந்தாலும் சரி.

பெட்டி கைக்கு வந்தால், தாரணியின் மெயில் படிக்கப்பட்டதா இல்லையா என்பதும் தெரிந்துவிடும். நேற்று வியாழக்கிழமை, குழந்தை இயேசுவுக்கு விசேஷமான நாள் இல்லையா, விவேக் நகர் கோயிலுக்குப் போய் உனக்காக மெழுகுவத்தி ஏற்றினேன். நீ அந்த மெயிலைத் திறந்தே இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். நீ சோம்பேறியாக, மறதிக்காரனாக மட்டும் இருந்தால் போதும் ரகு. திட்டித் தீர்த்துவிட்டுப் பழையபடி பேசுவேன்.

ஒருவேளை திறந்திருந்தால், படிக்காததுபோல் மாற்றிவைத்துக் கொடுக்காதே. அப்படியே கொடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் தோழியாக இருக்க விரும்பும்,
தமயந்தி