தெரிஞ்ச பொண்ணு

அன்புள்ள அம்மா,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

பதறாமல் படி. போன வாரம் வேலை செய்யும் சலவைக்கூடத்து வாசலில் காரைப் பின்னால் எடுக்கும்போது மேனேஜர் வண்டியின் விளக்கை உடைத்துவிட்டேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பத்தொன்பது வயது, புது லைசென்ஸ் என்றதும் எல்லா இன்சூரன்ஸ் கம்பெனியும் என் பழைய காரின் விலையையே கேட்டன இல்லையா? அப்போது சித்தப்பாதான், "என் பேர்ல போட்டுக்கலாம். நீ எப்பவாவது ஓட்டுறேன்னு எழுதினா ரொம்பக் கம்மியா வரும். நீ நம்ம வீட்டுப் பொண்ணு" என்றார். தினமும் ஓட்டப்போவது நான்தான் என்று தெரிந்தேதான் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

நேற்று இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து, வண்டியை ஓட்டியது யார் என்று கேட்டு அவருக்குப் போன் வந்தது. நான் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தெரிஞ்ச பொண்ணுங்க. அன்னைக்கு என்னைக் கேக்காமலே எடுத்துட்டுப் போயிருச்சு."

போனை வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். போட்டேன். பொய்யில் எனக்கும் பங்கு உண்டே, எந்த வாயால் கேட்பது?

சித்தப்பா வீட்டை விட்டுப் போக வேறு அறை பார்த்துவிட்டேன். என் போர்வையை அனுப்பு, அந்தப் பழையதுதான் வேண்டும். அப்பாவிடம் எதுவும் சொல்லாதே. தன் தம்பி என்றால் உயிரை விடுவார். இனி எனக்குப் பஸ்தான்; நிறுத்தத்தில் நின்றுதான் எழுதுகிறேன், இதோ வந்துவிட்டது. சித்தப்பா என் புது முகவரி கேட்டால் கொடுக்காதே. தெரிஞ்சவங்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டாம்.

உன் மகள்