றெஜினோல்டிடம் யாரும் கேட்கவில்லை

புருசெத், ஒஸ்லோ
16 மார்ச் 2008

அன்புள்ள யோசெப்பின்,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் இவரும் சுகம். பேர்கனில் நீயும் உன்னவர் சூசைநாதன் அண்ணையும் பிள்ளைகளும் எப்படி? அங்கே மழை விட்டதா? இங்கே பனி கரைந்து வாசல் முழுக்க சேறு.

போன ஞாயிறு நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. நாங்களும் வீட்டை விற்கப் போகிறோம், நீ நல்ல சட்டத்தரணியை எப்படிப் பிடித்தாய், அண்ணையின் கையெழுத்துக்கு என்ன செய்வது என்று கேட்டாய். நான் சமையல் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். சமையல் ஒன்றும் இல்லை. இவர் பக்கத்தில் இருந்தார். இவருடைய விடயங்களை இவர் முன்னாலேயே வேறு ஆட்களோடு கதைக்கிற பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

இவருக்குப் பாரிசவாதம் வந்ததும், வலது பக்கம் செயலிழந்ததும், பராமரிப்பு இல்லத்தில் விட்டதும் உனக்குத் தெரியும். எங்கள் பழைய வீடு மூன்றாம் மாடி. மின்தூக்கி இல்லை. சக்கர நாற்காலியோடு இவரைக் கூட்டி வர வழியில்லை. அதை விற்று, படி ஏறத் தேவையில்லாமல் நிலத்தோடு இருக்கிற வீடு ஒன்று வாங்கினால் இவர் வீட்டுக்கு வரலாம். ஒரு வருசமாக என் மண்டைக்குள் அது ஒன்றுதான் ஓடியது.

இவருடைய தங்கையின் கணவர் றஜீவ் ஒஸ்லோவுக்கு வெளியே லில்லெஸ்ட்ரோமில் ஒரு வீடு பார்த்துத் தந்தார். நல்ல வீடு. ஆனால் எங்கள் பழைய புருசெத் வீடு இவருடைய பெயரில் மட்டும் இருந்தது. நான் நோர்வேக்கு வர முதல் வாங்கியது. உரிமையாளர் கையெழுத்து வைத்தால்தான் விற்கலாம் என்று வீட்டுத் தரகர் சொல்லிவிட்டார்.

றஜீவ் நகர மையத்தில் ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிப் போனார். கெட்டிக்காரர், நல்ல சுறுசுறுப்பு. பத்து நிமிடத்தில் எல்லாம் பேசி முடித்தார். பத்திரங்களைத் தபாலில் அனுப்புவேன், உங்கள் கணவரிடம் ஒப்பம் வாங்கித் திருப்பி அனுப்புங்கள் என்றார். உரிமையாளர் எங்கே, எப்படி இருக்கிறார் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வெளியே வந்து றஜீவ் சொன்னார், அக்கா அவருடைய ஒப்பத்தை நீங்களே வைத்துவிடுங்கள், அவருக்கு என்ன விளங்கப் போகிறது, அவருக்காகத்தானே செய்கிறீர்கள் என்று. அவரில் பிழை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பத்திரம் வந்த அன்று வேலையால் வந்து, சப்பாத்தையும் கழற்றாமல் மேசையில் இருந்தேன். வைப்பதற்கு முதல் ஒரு பழைய கடித உறையின் பின்பக்கம் இவருடைய கையெழுத்தை எழுதிப் பார்த்தேன். இரண்டாம் தரமே அப்படியே வந்துவிட்டது, யோசெப்பின். அந்த 'றெ'யின் சுழி, கடைசியில் இழுக்கிற கோடு, எல்லாம். அதைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. இவர் உயிரோடு இருக்கிறார், ஆனால் இனி இவர் தேவையில்லை என்பது போல இருந்தது. உறையைக் கிழித்துப் போட்டேன், பத்திரத்தைத் தொடவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்துக் குறொன்லாண்டில் மரக்கறி வாங்கப் போனேன். கடைக்கு மேல் மாடியில் ஒரு சட்டத்தரணியின் பெயர்ப்பலகை. எத்தனை தரம் அதைக் கடந்து போயிருப்பேன். அன்றைக்குப் பையோடேயே ஏறினேன். தூர்டிஸ் என்று பெயர். ஐம்பது வயதுப் பெண்மணி. முதல் வேலையாகத் தன்னுடைய கட்டணம் எவ்வளவு, எதற்கு எடுப்பேன், எதற்கு எடுக்க மாட்டேன் என்று ஒரு தாளில் எழுதித் தந்தார். பிறகு பேனையை வைத்துவிட்டு, வீடு யாருடையது என்று கேட்டார். சொன்னேன். அவர் எங்கே என்றார். சொன்னேன். விற்பது பற்றி அவர் என்ன சொல்கிறார் என்றார்.

விற்கப் போகிறோம் என்று இவரிடம் ஒரு நாள் சொன்னேன்தான். இவர் அழுதார். இந்த வருத்தம் வந்த நோயாளிகள் காரணம் இல்லாமலும் அழுவார்கள் என்று தாதி சொல்லியிருந்தார். இவருடைய கண்ணைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். இதைத்தான் தூர்டிஸிடம் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கேட்டது, நான் என்ன சொல்கிறேன் என்று.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. தான் போய் இவரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். எங்களைத் தெரியாத ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் ஒழுங்கு செய்தார். தூர்டிஸ் முதல் தரம் இல்லத்துக்குப் பின்னேரம் வந்தார். இவர் களைத்திருந்தார். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, இந்த நேரம் சரியில்லை, காலையில் வருகிறேன் என்று எழும்பிவிட்டார். எனக்குக் கோபம். லில்லெஸ்ட்ரோம் வீட்டுக்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

மறுபடி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. என்னை வெளியே இருக்கச் சொன்னார். இருபது வருசம் சேர்ந்து வாழ்ந்தவள் நான், எனக்குக் கதவைச் சாத்துகிறாளே என்று மனதுக்குள் கொதித்தேன். அரை மணித்தியாலம் போனது, ஒரு மணித்தியாலமும் ஆகப் போனது. நடைக்கூடத்தில் கோப்பி ஆறிப் போன கோப்பையோடு இருந்தேன். அப்போது உள்ளே இவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒன்றரை வருசத்தில் முதல் தரம்.

கதவு திறந்தது. தூர்டிஸ் என் பக்கத்தில் வந்து இருந்து சொன்னார்: உன் கணவர் றெஜினோல்டுக்கு எல்லாம் விளங்குகிறது. பேச்சு மெதுவாக வருகிறது, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வைத்தியரிடமும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். புருசெத் வீட்டை விற்க அவருக்குச் சம்மதம். லில்லெஸ்ட்ரோமுக்குச் சம்மதம் இல்லை. நீ காலை ஆறு மணிக்கு வேலை தொடங்குகிறாய், உனக்கு முழங்கால் வருத்தம், அவ்வளவு தூரம் றெயிலில் போய் வரக் கூடாதாம். புது வீட்டில் உன்னுடைய பெயரும் இருக்க வேண்டுமாம். பழைய வீட்டிலேயே அதைச் செய்யாமல் விட்டது தனக்கு வெட்கம் என்று சொன்னார்.

நான் உள்ளே போனேன். இவர் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் முந்தி எல்லாம் இவர் வாய் திறக்க முதலே தண்ணியா, தலையணையா என்று நானே முடித்துவிடுவேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேன். நெடுநேரம் போனது.

"என்னட்டை... ஒருத்தரும்... கேக்கேல்லை," என்றார்.

"ஓம், கேக்கேல்லைதான்," என்றேன். இவருடைய கட்டிலில் இருந்து அழுதேன். இடது கையால் என் தலையைத் தடவினார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சுருக்கம். லில்லெஸ்ட்ரோம் வீடு கைவிட்டுப் போனது. றஜீவ் பல மாதம் கதைக்கவில்லை, நத்தாருக்குக் கேக்கோடு வந்தார். இங்கேயே, பழைய கட்டடத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி, நிலத்தோடு ஒரு வீடு வந்தது. தூர்டிஸ் அந்தக் கட்டட உரிமையாளர் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கி வாசித்தார். குளியலறைக் குழாய்களை எல்லாம் உடைத்து மாற்றப் போகிறார்கள் என்று அதற்குள் இருந்தது. நாங்கள் யாரும் அதைக் கண்டிருக்க மாட்டோம். அந்த வேலை முடிந்த பிறகே வீட்டைக் கையேற்பது என்று ஒப்பந்தத்தில் எழுதுவித்தார். இல்லாவிட்டால் இவரைக் கூட்டி வந்து குளிக்க இடமில்லாமல் நின்றிருப்பேன்.

தனக்காக நான் பத்திரங்களைக் கவனிக்கலாம் என்கிற அதிகாரப் பத்திரத்தில் பராமரிப்பு இல்லத்தில் வைத்து இவர் இடது கையால் ஒப்பம் வைத்தார். இரண்டு சாட்சிகள் நின்றார்கள். ஒரு எழுத்துக்கு ஒரு நிமிடம் சென்றது. நான் கையைப் பிடிக்கப் போனேன். தூர்டிஸ் தலையை ஆட்டி, தாள் நகராமல் மட்டும் பிடித்துக்கொண்டார். அலுவலகத்தில் வேறு வாடிக்கைக்காரர் அவருக்காகக் காத்திருந்தார்கள். அவர் ஒரு தரமும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு செபத்திலும் அவருடைய பெயரைச் சொல்கிறேன்.

மார்கழி எட்டாம் தேதி இவர் வீட்டுக்கு வந்தார். இப்போது யன்னலோரம் இருந்து, போகிற வருகிற ஆட்களைப் பார்த்து எனக்குச் செய்தி சொல்கிறார். சொல்லி முடிய நேரம் எடுக்கும். சோறு குழைந்தாலும் பரவாயில்லை என்று நிற்பேன்.

இனி உன் விடயம். சூசைநாதன் அண்ணைக்கு ஞாபகம் எல்லாம் போய்விட்டது, ஒன்றும் விளங்காது, மகன் என்னையே ஒப்பம் வைக்கச் சொல்கிறான் என்று சொன்னாய். ஒன்றும் விளங்காது என்று இவரைப் பற்றி நான் உனக்குச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? இதே குரலில்தான் சொன்னேன். அண்ணையின் வருத்தம் வேறு, எனக்குத் தெரியும். உண்மையிலேயே அவரால் முடியாமலும் இருக்கலாம். அப்படியானால் அதற்கும் இந்த நாட்டில் சட்டப்படி ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதை அவரோடு இருந்து பார்த்த ஒரு ஆள் சொல்லட்டும். சட்டத்தரணி பிடிக்கும்போது விலையையும் விரைவையும் மட்டும் பார்க்காதே. வீடு யாருடையது, அவர் என்ன சொல்கிறார் என்று உன்னிடம் கேட்கிற ஆளாகப் பார். உன்னை வெளியே இருக்கச் சொன்னால் கோபிக்காதே.

அதற்கு முதல் ஒரு காலை, அண்ணை தேத்தண்ணி குடித்து முடிய, நீயே பக்கத்தில் இருந்து கேள். கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. பதில் வராமலும் போகலாம். வந்தாலும் நீ நினைத்தது போல இருக்காது. இருந்தும் கேள், யோசெப்பின். என்னிடம் ஒன்றரை வருசம் வீணாய்ப் போனது. உன்னிடம் அவ்வளவு இருக்குமோ தெரியாது.

பெரிய வெள்ளிக்கு உங்கள் இருவருக்காகவும் மெழுகுதிரி ஏற்றுவேன். அண்ணையின் வாயில் ஒரு சொல்லாவது மிச்சம் இருக்கட்டும். அதை முதலில் கேட்கிறவள் நீயாக இருக்க மாதா அருள் செய்யட்டும்.

உன் அன்புள்ள,
மரியரஞ்சனி