அப்பா ஒளிச்சு வச்ச ஷேடு கார்டு

அன்புள்ள பாப்பாவுக்கு அத்தை எழுதுறது. சாமி புண்ணியத்துல நீ அங்க சளி காய்ச்சல் இல்லாம, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லா இருக்கணும். நான் சுகமா இருக்கேன். எப்பவும் இந்த இடத்துல உங்கப்பாவும் சுகம்னு ஒரு வரி போட்டுட்டு மத்த கதைக்குப் போயிடுவேன், இன்னிக்கு அந்த வரிக்கு மட்டும் கை வரமாட்டேங்குது. அதனால மத்த கதையை முதல்ல சொல்லிடுறேன். மாடி வீட்டு டீச்சரோட மகளுக்குப் பொண்ணு பொறந்திருக்கு, அழுதா தெருவே எந்திரிக்குது. தண்ணி மோட்டார் திரும்பவும் படுத்துக்கிச்சு, ரிப்பேர்காரர் வந்து பாத்துட்டு இதுக்கு உங்களைவிட வயசு ஜாஸ்தி அக்கான்னு சொன்னார், என் வயசு உனக்கு யாருப்பா சொன்னதுன்னு கேட்டு அனுப்பினேன். சரி, சுத்தி வளைச்சது போதும்.

சொல்லப் போறது கொஞ்சம் கூச்சமான விஷயம். சாமி படம் இருக்கிற அறையில உக்காந்து இதை எழுத மனசு வரல, மாடிப்படியில உக்காந்து மடியில பலகை வச்சு எழுதுறேன், எழுத்து கோணலா இருந்தா அதான் காரணம். உங்கப்பாவுக்கு ஒண்ணுக்கு ரத்தமா போகுது பாப்பா. எழுதிட்டேன். உன்கிட்ட மூச்சு விட மாட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணச் சொன்னார், பண்ணினேன், இப்ப மீறிட்டேன். அதுக்கு என்ன தண்டனையோ அதை எனக்கே குடுன்னு காலையில கும்பிட்டுக் கேட்டுக்கிட்டேன், மத்ததை அவன் பாத்துக்கட்டும்.

இது எப்பத்துல இருந்துன்னு கேட்டா எனக்குத் தெரியலங்கிறதுதான் வயித்தெரிச்சல். நம்ம வீட்டு பாத்ரூம் தரை எப்ப வெள்ளையா இருந்திருக்கு சொல்லு. சாயப் பட்டறையில கலர் மாஸ்டரா இருக்கிற மனுஷன் வீட்டுக்கு வந்து காலைக் கழுவினா ஒரு நாள் நீலம் ஓடும், ஒரு நாள் பச்சை ஓடும். அதனால அங்க சிவப்பைப் பாத்தப்ப எல்லாம் இன்னிக்குப் பட்டறையில சிவப்பு ஓடியிருக்கு போலன்னு நினைச்சு பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சுக் கழுவி விட்டேன், திட்டிக்கிட்டே கழுவினேன் பாப்பா. போன மாசம் பட்டறையில பாய்லர் உடைஞ்சு பன்னெண்டு நாள் பூட்டிட்டாங்க. உங்கப்பா நகத்துல இருந்த கலர் எல்லாம் போய், கை கல்யாண மாப்பிள்ளை கை மாதிரி ஆயிடுச்சு அண்ணேன்னு நான்கூட கேலி பண்ணினேன். பத்தாம் நாள் அவர் பின்னாடியே பாத்ரூமுக்குள்ள போறேன், தரையில சிவப்பு. அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சது.

கேட்டா என்ன சொல்றார் தெரியுமா, முப்பது வருஷமா உள்ள போன சாயம் இப்ப வெளிய வருது, உடம்பு அலசி விடுது, நல்லதுதானேங்கிறார். வலிக்குதான்னு கேட்டா இல்ல, எரியுதான்னு கேட்டா இல்ல. பிடிவாதம் பிடிச்சு நம்ம தெரு முக்கு டாக்டரம்மாகிட்ட இழுத்துட்டுப் போனேன். அந்தம்மா கண்ணாடிக் குப்பியில பிடிச்சுட்டு வரச் சொன்னாங்க. பிடிச்சுட்டு வந்ததும், இது என்ன நிறம்னு நினைக்கிறீங்கன்னு அவரையே கேட்டாங்க. உங்கப்பா குப்பியை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, பட்டறையில பாக்கிற மாதிரியே ஒரு கண்ணை மூடிக்கிட்டு, சுத்தச் சிவப்பு இல்லம்மா, கொஞ்சம் பிரவுன் அடிக்குது, தண்ணி கம்மியா கலந்த சாயங்கிறார். டாக்டரம்மா சிரிக்கல. வலியோட வந்தா கல்லா இருக்கலாம், கிருமியா இருக்கலாம், வலியே இல்லாம வர்ற ரத்தத்தைத்தான் சும்மா விடக்கூடாது, அதுவும் சாயத்துல வேலை செஞ்சவங்க விடவே கூடாதுன்னாங்க. தானா நின்னு போகும், நின்னுடுச்சேன்னு ஏமாந்துடாதீங்க, திரும்ப வரும்னு ரெண்டு தடவை சொன்னாங்க. பெரிய ஆஸ்பத்திரியில சின்னக் குழாய்ல கேமரா விட்டு மூத்திரப்பைக்குள்ள பாக்கணும், புதன்கிழமைதான் அந்த டாக்டர் வருவார்னு சீட்டும் எழுதிக் குடுத்தாங்க. அவங்க சொன்ன மாதிரியே மூணாம் நாள் நின்னுடுச்சு. உங்கப்பா ஜெயிச்ச மாதிரி வந்து, பாத்தியா சாயம் வெளுத்துடுச்சுன்னு சொல்லிட்டு, அந்தச் சீட்டை நாலா மடிச்சு சாப்பாட்டு மேஜை காலுக்கு அடியில சொருகிட்டார். மேஜை இப்ப ஆடல. நான்தான் உள்ளுக்குள்ள ஆடிக்கிட்டு இருக்கேன்.

மூணு புதன்கிழமை போயிடுச்சு. ஒவ்வொரு செவ்வாயும் அவர் நல்ல சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில மாட்டி வைக்கிறேன், காலையில அதைப் போட்டுக்கிட்டு பட்டறைக்குக் கிளம்பிடுறார். அழுது பாத்தேன். பேசாம இருந்து பாத்தேன், நான் பேசாம இருந்தா வீடு நிம்மதியா இருக்குன்னு சொல்லிட்டார். சாப்பிட மாட்டேன்னு உக்காந்தேன், என் தட்டையும் சேத்துக் காலி பண்ணிட்டு, சமையல் இன்னிக்கு பிரமாதம்னு சொல்லி எந்திரிச்சுப் போறார். உனக்கு அங்க வேலை உறுதியாகிறதுக்கு இன்னும் நாலு மாசம் இருக்காம், விஷயம் தெரிஞ்சு நீ லீவு போட்டு ஓடி வந்தா வேலையை விட்டு அனுப்பிடுவாங்களாம், அதுக்கு அப்புறம் எந்த டாக்டர்கிட்ட வேணும்னாலும் வர்றாராம். நாலு மாசம் காத்துக்கிட்டு இருன்னு அந்த நோவுகிட்ட யார் போய்ச் சொல்றது?

இவ்வளவும் உன்கிட்ட சொல்லாமத்தான் வச்சிருந்தேன். போன வாரம் அவர் அலமாரியைத் துடைக்கும்போது சட்டைக்கு அடியில ஒரு கார்டு கிடைச்சது. நீ சின்னதுல எடுத்துட்டு ஓடி அடி வாங்குவியே, துணித் துண்டா ஒட்டி பக்கத்துல கலர் கணக்கு எழுதியிருக்குமே, அந்த ஷேடு கார்டு மாதிரி. ஆனா இதுல கலர் கணக்கு இல்ல, தேதி மட்டும் இருக்கு. விரல் அகலத்துக்கு ஒம்பது துண்டு. லேசா செங்கல் கழுவின தண்ணி மாதிரி ஒண்ணு, அப்புறம் வெள்ளை, அப்புறம் டீ மாதிரி ஒண்ணு, திரும்ப வெள்ளை, அப்புறம் சிவப்பு. சீ, இதுலயா தோய்ச்சு வச்சிருக்கார்னு முகத்தைச் சுளிச்சு மோந்து பாத்தேன், சாய வாசனைதான். பாத்த நிறத்தை ஞாபகம் வச்சு, பட்டறையில போய் அதே மாதிரி சாயம் கலக்கி எடுத்திருக்கார். நிக்கும், திரும்ப வரும்னு டாக்டரம்மா சொல்றதுக்கு முன்னாடியே இந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு. முதல் துண்டோட தேதியைப் பாத்தேன். நீ கிளம்புறதுக்கு மூணு நாள் முன்னாடி. நீ கிளம்பின அன்னிக்கு உன் பெட்டி ரெண்டையும் நான்தான் தூக்குவேன்னு அடம் பிடிச்சாரே, பஸ் திரும்புற வரைக்கும் கையாட்டிக்கிட்டு நின்னாரே, தெரிஞ்சுதான் நின்னிருக்கார்.

அந்தக் கார்டை இதுக்குள்ள வச்சு அனுப்புறேன். போன்ல பேசலாம்னா பக்கத்துலயே உக்காந்துக்கிறார், படம் பிடிச்சு அனுப்ப எனக்கு வராது, படத்துல கலர் ஏமாத்தும்னு அவரே சொல்வார். அங்க ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டு. வான்னும் எழுத மாட்டேன், வராதேன்னும் எழுத மாட்டேன், எனக்குப் புத்தி அந்த அளவுக்கு ஓடல. ஆனா அவர் உன் ஒருத்தி பேச்சுக்குத்தான் இறங்குவார். நீயும் வேலை வேலைன்னு அடக்கி வைக்காதே, தண்ணி நிறைய குடி, போகும்போது நிறத்தைக் குனிஞ்சு பாரு, நுரைச்சா, கறுத்தா, எறும்பு மொய்ச்சா உடனே சொல்லு, எங்களை மாதிரி கழுவி விட்டுட்டு இருக்காதே.

கார்டு காணோம்னு ரெண்டு நாளா தேடுறார். சட்டையை எல்லாம் மூணு தடவை எடுத்து மூணு தடவை மடிச்சு வச்சுட்டார். என்கிட்ட கேக்கட்டும், கேட்டாலாவது வாயைத் திறந்த மாதிரி ஆகும்னு நானும் பேசாம இருந்தேன். நேத்து சமையல்கட்டு வாசல்ல வந்து ரொம்ப நேரம் நின்னார். நானும் அடுப்பைக் குறைச்சுட்டு நின்னேன். கடைசியில, என் மூக்குக் கண்ணாடியைப் பாத்தியான்னு கேட்டார். கண்ணாடி அவர் மூக்கு மேலதான் இருந்துச்சு. இல்லண்ணே, தேடித் தர்றேன்னு சொல்லிட்டேன்.

சாமி உனக்கு நீண்ட ஆயுசையும் நல்ல புத்தியையும் குடுக்கட்டும். அடுத்த புதனுக்கும் சட்டையை இஸ்திரி போட்டு வைப்பேன். செவ்வாய்க்கிழமை அவருக்குப் போன் பண்ணு, மறந்துடாதே.

சத்தியத்தை மீறின
உன் அத்தை